உப்பில்லாத தண்ணீரும் கறுத்த தேநீரும்

நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போய் மூன்று வாரம் தங்கினேன். உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையிலுள்ள சிறு கடலோரக் கிராமம் எங்களுடையது. குடிநீர் நிலைமை முன்பைவிடப் பெரிதும் மேம்பட்டிருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என் சிறு வயதில் அம்மா மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் முகந்து குடம் நிரப்பிய இடத்துக்கு அருகிலேயே, இப்போது திருச்சிப் பக்கத்துக் காவிரிப் படுகையிலிருந்து வரும் கூட்டுக் குடிநீர் குழாயில் விழுகிறது. அது வராத நாட்களில் ஆழ்துளைக் கிணற்று நீரை மேல்நிலைத் தொட்டியில் ஏற்றி விடுகிறார்கள்.

சிக்கல் இந்த இரண்டாவது தண்ணீரில்தான். விடியற்காலையில் பிடிக்கும்போது பளிங்குபோல் இருக்கும் நீர், மதியத்துக்குள் எவர்சில்வர் குடத்தின் அடியில் செங்காவிப் பொடியாகப் படிந்துவிடுகிறது. அத்தை போட்டுத் தந்த பால் கலக்காத தேநீர் மை போலக் கறுத்திருந்தது. டீத்தூள் சரியில்லை என்று அவர் கடைக்காரரைக் குறைசொன்னார். எனக்கோ கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சிய அந்தக் காலத்து வழக்கம் நினைவுக்கு வந்தது. தேயிலையின் துவர்ப்புச் சத்து நீரிலுள்ள இரும்போடு சேர்ந்து கறுப்பதும் அதே வேதியியல்தான். காற்றுப் படாத ஆழத்தில் இரும்பு நிறமின்றிக் கரைந்திருக்கும். மேலே வந்து காற்றுப் பட்டதும் துருவாக மாறி வீழ்படியும். இரும்போடு சேர்ந்து இருக்கக்கூடிய மாங்கனீசு என்ற உலோகம் அவ்வளவு எளிதில் வெளிப்படாது. அது மெதுவாகவே மாறி, குழாயின் உட்புறத்தில் கருஞ்சேறாக ஒட்டிக்கொள்ளும்.

எங்கள் கரையில் தண்ணீர் இரண்டே வகை: நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர். நாக்கில் கரிக்காவிட்டால் அது நல்ல தண்ணீர். தண்ணீர் வடிகட்டும் கருவி விற்க வந்த இளைஞரும் பேனா போன்ற டிடிஎஸ் மீட்டரை முக்கிக் காட்டி, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே இருப்பதால் கவலை வேண்டாம் என்றார். அந்தக் கருவி அளப்பது மொத்தக் கரைபொருளை. அதில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் இரும்பு கூடினாலும் குறைந்தாலும் யார் கண்ணுக்கும் படாது. இந்தியத் தரநிலையில் இரும்புக்கான வரம்பு 0.3 மில்லிகிராமாக இருந்து, 2015-இல் 1.0 ஆக உயர்த்தப்பட்டது. ஆனால் துணியில் கறை ஏறுவது 0.3-ஐ ஒட்டியே தொடங்கிவிடும்; வரம்பை உயர்த்தியதால் வேட்டி வெளுத்துவிடாது.

ஆய்வுக்கூடத்தில் பட்ட அனுபவத்தைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். மாவட்டத் தலைநகரில் ஓர் ஆய்வுக்கூடத்துக்குச் சாதாரணப் பாட்டிலில் நீர் கொண்டுபோனேன். பணம் வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தவர் வேறொன்றும் சொல்லவில்லை. நான்கு நாள் கழித்து வந்த அறிக்கையில் இரும்பு மிகக் குறைவு. நம்ப முடியாமல் மறுபடி போனபோதுதான், உள்ளேயிருந்த வேதியியலாளர் ஒருவர், இரும்பு பார்க்க வேண்டுமானால் நீரை எடுத்த உடனேயே சில சொட்டு நைட்ரிக் அமிலம் விட வேண்டும் என்றும், இல்லாவிட்டால் அது பாட்டிலின் அடியில் படிந்து, மேலே உள்ள தெளிந்த நீர்தான் கணக்கில் வரும் என்றும் விளக்கினார். முதல் நாளே அந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் ஒரு பஸ் பயணம் மிச்சமாகியிருக்கும். அமிலம் விட்ட பாட்டிலை அவரே தந்தார். இம்முறை மாங்கனீசையும் கேட்டுப் பணம் கட்டினேன். பஞ்சாயத்தில் வைத்திருந்த சோதனைப் பெட்டியில் இரும்புக்கு மருந்து இருந்தது, மாங்கனீசுக்கு இல்லை.

மாங்கனீசையும் பார்க்கச் சொன்னதற்குக் காரணம் அத்தை மகளின் நான்கு மாதக் குழந்தை. புட்டிப்பாலுக்கான மாவை இந்தத் தண்ணீரைக் காய்ச்சித்தான் கரைக்கிறார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகுமே தவிர மாங்கனீசு போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடவே செய்யும். இந்திய வரம்பு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம், வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 0.3 வரை. உலக சுகாதார நிறுவனமோ புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளை மனத்தில் வைத்து 0.08 என்கிறது.

நான் விமானம் ஏறும்வரை இரண்டாம் அறிக்கை வரவில்லை. வந்ததும் மச்சான் வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை காவிரித் தண்ணீர் வரும் நாளில் குழந்தைக்கென்று இரண்டு குடம் தனியாகப் பிடித்து, மூடி வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.