லீ மார்கன் – தி சைட்வைண்டர்: தலைப்புப் பாட்டோடு நிறுத்திவிடாதீர்கள்

ஹார்ட் பாப் ஜாஸை (ப்ளூஸ் சாயல் தூக்கலாக இருக்கும் ஜாஸ் பாணி) எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இந்த ஆல்பத்தைத்தான். 1963 டிசம்பரில் ப்ளூ நோட் இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவானது, ஐந்து பாட்டும் ட்ரம்பெட் கலைஞர் மார்கன் எழுதியவை, அப்போது அவருக்கு வயது 25.

தலைப்புப் பாட்டு பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும். 24 பார் (தாள அளவு) கொண்ட சுற்று திரும்பத் திரும்ப வரும் ப்ளூஸ்தான், ஆனால் பாப் க்ரான்ஷாவின் பேஸும் பேரி ஹாரிஸின் பியானோவும் பிடித்துக்கொள்ளும் அந்தத் தாளக்கட்டு உடம்பைச் சும்மா இருக்க விடாது. அதன் மேல் மார்கன் ஸ்வரத்தைப் பாதியில் கடித்து, கொஞ்சம் வளைத்து, நக்கலாகப் பேசுகிற மாதிரி ஊதுவார். பில்லி ஹிக்கின்ஸ் டிரம்ஸில் சிரித்துக்கொண்டே வாசிக்கிறார் என்று நினைக்கத் தோன்றும்.

பலர் இதோடு எழுந்து போய்விடுகிறார்கள், அநியாயம். 'டோட்டம் போல்' கேளுங்கள், லத்தீன் சாயலில் கொஞ்சம் இருட்டாகத் தொடங்கும், எனக்கு இதுதான் ஆல்பத்தின் உச்சம். 'கேரிஸ் நோட்புக்' ஒரு பாருக்கு மூன்று அடி என்ற தாளத்தில் வேகமாகப் போகும். ஜோ ஹெண்டர்சனின் டெனர் சாக்ஸபோன் மார்கனுக்குச் சரியான ஜோடி, கரடுமுரடாக வந்து எதிர்பாராத இடத்தில் திரும்பும்.

குறை? கடைசிப் பாட்டு 'ஹோக்கஸ் போக்கஸ்' நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தக் காலத்து வேறு பத்து ஆல்பங்களிலும் இருந்திருக்கலாம். அப்புறம், ஹெட்ஃபோனை விட நல்ல ஸ்பீக்கரில் கேளுங்கள், பேஸ் இன்னும் உறைக்கும்.