மேக்ரோவா, டெலியா? வசந்தத்தில் தட்டான் படமெடுக்க எது தேவலை

தென் இங்கிலாந்தில் ஏப்ரல் பிற்பாதியில் குளத்தோரம் போனால் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் லார்ஜ் ரெட் என்ற சிவப்பு ஊசித்தட்டான்தான். பேர்தான் லார்ஜ், நீளம் சுமார் 35 மி.மீ. மே மாதத்தில் நான்கு புள்ளித் தட்டான் வந்துவிடும். அந்த மாதம் முடிவதற்குள் எம்பரர் என்ற பெரிய தட்டான் தலைகாட்டும், அது 78 மி.மீ. வரை இருக்கும். இந்த இரண்டு அளவுகளையும் நினைவில் வைத்துக்கொண்டு லென்ஸ் விஷயத்துக்கு வருவோம்.

மிக நெருக்கத்தில் எடுக்கும் 100 மி.மீ. மேக்ரோ, தூரத்திலிருந்து எடுக்கும் டெலியான 100-400 மி.மீ. ஜூம் என்ற இரண்டுக்கும்தான் உண்மையான போட்டி. ஃபுல் ஃபிரேம் கேமராவில் படம் பதியும் சென்சாரின் அகலம் 36 மி.மீ. மேக்ரோ லென்ஸ் நிஜ அளவுக்கே, அதாவது 1:1 என்ற கணக்கில், படம் தரும். சிவப்பு ஊசித்தட்டான் தலை முதல் வால் வரை ஃபிரேமை நிறைத்துவிடும். கேனனின் 100-400 இரண்டாம் பதிப்பு 98 செ.மீ. தூரம் வரை ஃபோகஸ் ஆகும், சென்சாரில் கிடைப்பது நிஜ அளவில் 0.31 மடங்கு. எம்பரருக்கு அது தாராளம், ஃபிரேமில் மூன்றில் இரண்டு பங்கைப் பிடித்துக்கொள்ளும். ஊசித்தட்டானோ மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே நின்றுவிடும், அப்புறம் வெட்டித்தான் பெரிதாக்க வேண்டும். சென்சார் சிறியதாக இருக்கும் கிராப் சென்சார் கேமராவில் இந்தக் குறை ஓரளவு சரியாகிவிடும்.

காகிதத்தில் மேக்ரோ ஜெயித்த மாதிரி இருக்கும். ஆனால் 1:1 கிடைக்க லென்ஸின் முனை பூச்சிக்கு ஒரு சாணுக்கும் குறைவான தூரத்தில் இருக்க வேண்டும். வெயில் ஏறிய பிறகு எந்தத் தட்டானும் அதற்குச் சம்மதிக்காது. நம் நிழல் மேலே விழுந்தாலே எழும்பிவிடும். சர்ரேயில் உள்ள தர்ஸ்லி காமன் மாதிரி இடங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே சதுப்பின் மேல் மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள், அதிலிருந்து இறங்கக் கூடாது. 2020 மே மாதத் தீயில் கணிசமான பகுதி எரிந்து, பிறகு மீண்டுவரும் நிலம் அது. நான்கு புள்ளித் தட்டான் இரண்டு மீட்டர் தள்ளி ஒரு குச்சி நுனியில் உட்கார்ந்திருந்தால் மேக்ரோ வைத்திருப்பவர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பறந்துபோனாலும் பெரும்பாலும் அதே குச்சிக்குத் திரும்பி வரும் என்பதால், டெலி வைத்திருப்பவர் அந்த நுனியில் ஃபோகஸ் செய்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருக்கலாம். மானோபாட் என்ற ஒற்றைக்கால் தாங்கி இருந்தால் கை வலிக்காது.

டெலிக்கு இன்னொரு பலமும் இருக்கிறது, பின்னணி. ஒரே உருப்பெருக்கம், ஒரே அப்பர்ச்சர் (லென்ஸின் ஒளித் திறப்பு) என்றால் கூர்மையாக விழும் ஆழம் இரண்டு லென்ஸிலும் ஏறக்குறைய ஒன்றுதான். இதைப் பலர் நம்புவதில்லை. மாறுவது பின்னால் தெரியும் பரப்பு. டெலி குறுகிய கோணத்தில் பார்ப்பதால் நாணற்குப்பையெல்லாம் விலகி, ஒரே பச்சையாகக் கரைந்துவிடும். மேக்ரோவில் அந்தக் குப்பையில் பாதியாவது படத்துக்குள் வந்து நிற்கும்.

இவ்வளவு சொன்ன பிறகும் வசந்தத்துக்கு என் ஓட்டு மேக்ரோவுக்கே. காரணம் விடியற்காலைக் குளிர். உடம்பு சூடேறாமல் தட்டானால் பறக்க முடியாது. மே மாதக் காலையில், இறக்கையெல்லாம் பனித்துளியோடு, புல்தண்டைப் பிடித்தபடி அப்படியே இருக்கும். முட்டி போட்டு மெதுவாக, தண்டை அசைக்காமல் போனால் ஒரு சாண் தூரமும் சாத்தியம். டிரைபாட் வைத்து, ஐஎஸ்ஓ என்ற ஒளியுணர்வு அளவைக் குறைத்து, கேமராத் திரையில் (லைவ் வியூ) பெரிதாக்கிப் பார்த்துக் கையாலேயே ஃபோகஸ் செய்யலாம். நிஜ அளவில் பாதியாக எடுக்கும்போது, அப்பர்ச்சரை எஃப் 11இல் வைத்தால், கூர்மை கிடைப்பது சுமார் 4 மி.மீ. ஆழத்துக்குத்தான். அதனால் சென்சார் பூச்சியின் உடம்புக்கு இணையாக இருக்க வேண்டும். இறக்கையை மடித்து உட்காரும் ஊசித்தட்டானைப் பக்கவாட்டில் எடுங்கள். விரித்து உட்காரும் தட்டானை மேலிருந்து எடுங்கள். எப்படி எடுத்தாலும் கண் தெளிவாக இருக்கட்டும்.

வசந்தத்தின் பெரிய வரவு தோலுரிப்பு. எம்பரர் மாதிரி சில இனங்கள் குளிர்காலத்தைக் கடைசிக் கட்ட லார்வாவாகத் தண்ணீருக்குள் கழித்துவிட்டு, வசந்தம் முடிவதற்குள் கூட்டமாக மேலேறும். முதுகு பிளந்து, வெளிறிய உடம்பு பின்பக்கமாகச் சரிந்து தொங்கும். கால்கள் கெட்டிப்பட்டதும் எக்கித் தன் பழைய தோலையே பற்றிக்கொள்ளும். பிறகு கசங்கிய இறக்கை சிறிது சிறிதாக விரியும். பழைய தோலின் நெஞ்சுப் பகுதியில் நீட்டிக்கொண்டிருக்கும் வெள்ளை இழைகள் அது சுவாசித்த குழாய்களின் உட்தோல். இந்த விவரங்களை டெலி காட்டாது. ஆனால் அந்த நேரத்து இறக்கை மிக மெல்லியது, ஒரு புல் உரசினாலே நிரந்தரமாகக் கோணிவிடும். படத்துக்கு இடைஞ்சல் என்று தண்டுகளை வளைக்காதீர்கள். சந்தேகமாக இருந்தால் ஓரடி பின்னால் வந்துவிடுங்கள்.

இரண்டுக்கும் காசு இல்லையென்றால் கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் எக்ஸ்டென்ஷன் டியூபை விட குளோஸ்-அப் லென்ஸ் நல்லது. 25 மி.மீ. டியூப் 300 மி.மீ. லென்ஸில் 0.08 மடங்குதான் கூட்டும். லென்ஸின் முன்னால் திருகும் 2 டயாப்டர் (கண்ணாடியின் பவர் அளவு) குளோஸ்-அப் லென்ஸ் அதே 300இல் சுமார் 0.6 மடங்கு தரும், அரை மீட்டர் இடைவெளியும் மிஞ்சும். கையில் பழைய 70-300 வைத்திருப்பவர்கள் இந்த வருஷம் வேறெதுவும் வாங்க வேண்டாம். ஜூலையில் கேட்டால் நான் 100-400 பக்கம் சாய்ந்துவிடுவேன், அப்போது காலையில் சீக்கிரமே எல்லாம் பறக்க ஆரம்பித்துவிடும்.