லாக்செக்: சில வருடப் பழக்கத்துக்குப் பிறகு

மண்ணடியில் ஒரு கிளியரிங் ஏஜென்சி ஆபீஸின் டெபியன் (லினக்ஸ் வகை) சர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஹார்பர் பில், கண்டெய்னர் விவரம் எல்லாம் அதில்தான். சர்வரில் நடப்பதையெல்லாம் வரிவரியாகப் பதிகிற லாக் கோப்புகளைக் கவனிக்க லாக்செக் என்ற புரோகிராம். மணிக்கு ஒரு தடவை, போன முறை விட்ட இடத்திலிருந்து படித்து, இவை வழக்கமானவை, வேண்டாம் என்று நாம் எழுதிவைத்த விலக்கு விதிகளில் அடங்காத வரிகளை மெயிலில் அனுப்பிவிடும். 'எரர்' என்ற சொல்லை மட்டும் தேடுகிற கருவிகளைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது. நாம் நினைத்தே பார்க்காத வரியும் வந்து சேரும். டிஸ்க்கில் படிக்க முடியாத செக்டர்கள் இருக்கின்றன என்ற ஒற்றை வரி அப்படித்தான் கண்ணில் பட்டது; டிஸ்க் படுப்பதற்குள் மாற்றிவிட்டோம்.

ஆனால் விதி எழுதாமல் விட்டால் மெயில் கொட்டும், அப்புறம் யாரும் திறந்தே பார்க்க மாட்டார்கள். விதியை ^ குறியில் (வரியின் தொடக்கம்) தொடங்கி $ குறியில் (வரியின் முடிவு) முடித்து, வரி முழுவதையும் எழுதிவிட வேண்டும். நேரம், பிராசஸ் எண் போல மாறுகிற இடங்களுக்கு மட்டும் ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது எழுத்து வடிவத்தைக் குறிக்கும் குறியீடு. சோம்பல்பட்டுப் புரோகிராமின் பெயரை மட்டும் போட்டால், அது நிஜமாகவே அலறும்போதும் நமக்குக் கேட்காது. இன்னொன்று, விதிக் கோப்பின் பெயரில் புள்ளி வைக்காதீர்கள், லாக்செக் அதைப் படிக்காது.

2023-இல் வந்த டெபியன் 12-இல், லாக் கோப்புகளை எழுதும் ஆர்சிஸ்லாக் புரோகிராம் பதியும் நேரத்தின் வடிவம் மாறியது. பழைய வடிவத்துக்கு நாமே எழுதிய விதிகள் ஒன்றுகூடப் பொருந்தாது. அப்கிரேடுக்கு முன்பே விதிகளின் தொடக்கத்தைத் திருத்தி, பழைய லாக்கிலும் புது வடிவ மாதிரி வரிகளிலும் கிரெப்பில் (வரி தேடும் கமாண்ட்) ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் பாஸ்வேர்டை ஊகிக்க எங்கிருந்தோ கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்களே, அந்த வரிகளை விதி போட்டு மறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பாஸ்வேர்ட் லாகினை நிறுத்திக் கீ (சாவிக் கோப்பு) மட்டும் என்றாக்கி, போர்ட்டை விபிஎன் என்ற தனி நெட்வொர்க்குக்குள் வைத்தோம். வரிகள் தானாகவே நின்றன.

யூபிஎஸ் சமாச்சாரம்தான் எங்கள் பக்கத்துத் தலைவலி. வெயில் காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும். ஒவ்வொரு தடவையும் போனதற்கு ஒரு வரி, வந்ததற்கு ஒரு வரி. இரண்டையும் விலக்கியாயிற்று. பேட்டரியை மாற்றச் சொல்லும் வரியை மட்டும் தொடவில்லை. அது வந்தால் மெயிலைப் பிரிண்ட் எடுத்து முதலாளி மேசையில் வைத்துவிடுகிறேன், பணம் கேட்க அதைவிட நல்ல காகிதம் கிடையாது.