குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு அமெரிக்க விசா: எங்கள் அனுபவம்

எங்கள் அபார்ட்மெண்டில் மாதம் ஒருவராவது லிஃப்டில் நிறுத்திக் கேட்டுவிடுகிறார்கள்: "உங்க வீட்டு அக்காவை எப்படி அமெரிக்கா கூட்டிட்டுப் போனீங்க?" 2024இல், கம்பெனி தன் ஊழியரை அமெரிக்கக் கிளைக்கு அனுப்பும் எல்-1 விசாவில் ஐந்து மாத வேலைக்காக நான் கலிஃபோர்னியா போனேன். கணவர், இரண்டு வயதுப் பையன், அவனைப் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொள்ளும் அக்கா என்று நான்கு பேராகப் போய் நான்கு பேராகத் திரும்பினோம். லிஃப்டில் சொல்லி முடிக்கிற கதை இல்லை, எழுதிவிடுகிறேன்.

முதலில், நாங்கள் செய்யாமல் விட்டது. ஒரு டிராவல் ஏஜென்ட், "சித்தின்னு போட்டு டூரிஸ்ட் விசா எடுத்துடலாம் மேடம், ரெண்டு பேரும் தமிழ்தானே" என்றார். பெங்களூரில் தமிழர் எல்லோரும் சொந்தக்காரர்கள் போலிருக்கிறது! அமெரிக்க விசா விண்ணப்பத்தில் பொய் சொல்லி மாட்டினால் தடை ஆயுளுக்கும் நிற்கும், அதுவும் அக்காவின் பெயரில். நேர் வழி, குறுகிய கால வணிகப் பயணத்துக்கான பி-1 விசாவில் இருக்கிறது. எல்-1, எச்-1பி மாதிரித் தற்காலிக விசாவில் போகிறவர்கள் வீட்டு வேலைக்கு இருப்பவரை அதில் உடன் அழைத்துப் போகலாம். அவருக்கு அந்த வேலையில் ஒரு வருட அனுபவமாவது வேண்டும். உங்களிடமே ஒரு வருடமாவது வேலை பார்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் நீங்கள் வழக்கமாக வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருப்பவர் என்று காட்ட வேண்டும்.

சரி, அந்த ஒரு வருடத்துக்கு என்ன சாட்சி? பெரும்பாலான வீடுகளில் சம்பளத்தைக் கையில் எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். எங்களைக் காப்பாற்றியது அக்காவின் பிடிவாதம். 2022இல் வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்: "கையில குடுத்தா வீட்டுக்காரர் வாங்கிக்குவார். பேங்க்ல போட்டுடுங்கம்மா." இரண்டு வருட வரவு அச்சாகியிருந்த அவரது பாஸ்புக்தான் எங்கள் ஃபைலில் இருந்த பலமான தாள்.

பாஸ்போர்ட்தான் இழுத்தடித்தது. ஆதாரில் கணவர் பெயரின் இனிஷியல், வாக்காளர் அட்டையில் அப்பா பெயரின் இனிஷியல். லால்பாக் ரோடு பாஸ்போர்ட் சேவா கேந்திராவுக்கு இரண்டு நடை, 1,500 ரூபாய் கட்டணம், அப்புறம் போலீஸ் விசாரணை. கடைசியில் குடும்பப் பெயர் இடம் காலியாகவே அச்சாகி வந்தது. பத்தாவது முடிக்காததால் இ.சி.ஆர். வகை, அதாவது சில நாடுகளுக்கு வேலைக்குப் போகுமுன் அரசு அனுமதி வாங்க வேண்டிய பாஸ்போர்ட். வளைகுடா நாடுகள் போன்ற இடங்களுக்கு வேலைக்குப் போகும்போதுதான் அது சிக்கல். அமெரிக்கா அந்தப் பட்டியலில் இல்லை.

விசாவுக்கு எங்களுக்கும் அக்காவுக்கும் இடையே வேலை ஒப்பந்தமும் வேண்டும். அது ஆங்கிலத்திலும், வேலை பார்ப்பவருக்குப் புரிகிற மொழியிலும் இருக்க வேண்டும். தமிழில் நானே எழுதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் வாசித்துக் காட்டினேன். "ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்" என்றதும் அக்கா பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தினார்.

"ராத்திரி தம்பி எழுந்தா யாரு பாக்குறது?"

"நாங்கதான் அக்கா."

"அது அங்கயா, இங்கயுமா?"

நான் அடுத்த வரிக்குப் போய்விட்டேன். அடுத்த வரி, பாஸ்போர்ட் அவரிடமே இருக்கும், நாங்கள் வாங்கி வைத்துக்கொள்ள மாட்டோம் என்பது. "உங்க பீரோலதானே இருக்கு?" என்றார். இருந்தது, என் நகைப் பெட்டிக்கு அடியில். பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் வைத்தேன், சத்தியமாக. எழுந்து போய் எடுத்து வந்து கொடுத்தேன்.

சம்பளத்தைப் பற்றிய வரி வந்ததும் எனக்குத்தான் மூச்சு நின்றது. குறைந்தபட்சக் கூலி, அந்த வட்டாரத்தில் அந்த வேலைக்குக் கொடுக்கும் கூலி, இரண்டில் எது அதிகமோ அதைக் கொடுக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் 2024இல் மாநிலக் குறைந்தபட்சமே மணிக்கு 16 டாலர், சில ஊர்களில் இன்னும் கூட. 16 என்றே வைத்தாலும் எட்டு மணி நேரத்துக்கு 128 டாலர். மாதம் 22 நாள் என்றால் நம்ம ஊர்க் கணக்கில் இரண்டேகால் லட்சத்தைத் தாண்டும். தங்குமிடம், சாப்பாடு, போக வர விமான டிக்கெட் எல்லாம் நம் பொறுப்பு. பெங்களூர்ச் சம்பளத்தையே அங்கும் கொடுத்து ஓட்டலாம் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிடலாம்.

அப்போது பெங்களூரில் அமெரிக்கத் துணைத் தூதரகம் கிடையாது. லால்பாக் எக்ஸ்பிரஸில் சென்னை போனோம். விசா கட்டணம் 185 டாலர். முதல் நாள் கைரேகை, மறுநாள் ஜெமினி மேம்பாலத்துப் பக்கம் நேர்காணல். கூட யாரும் உள்ளே போக முடியாது, செல்போனும் கொண்டுபோகக் கூடாது. எதிர்ச்சாரியில் நான் மூன்று டீ குடித்தேன். வெளியே வந்த அக்கா முகத்தில் பதற்றமே இல்லை. எல்லாம் தமிழில்தான் கேட்டார்களாம்: என்ன சம்பளம், பாஸ்போர்ட் யாரிடம் இருக்கும், ஊரில் யார் இருக்கிறார்கள். தர்மபுரியில் கல்லூரியில் படிக்கும் மகளைப் பற்றிச் சொன்னாராம். வேலை பார்ப்பவரின் உரிமைகளைச் சொல்லும் ஒரு சின்னப் புத்தகத்தையும் கொடுத்திருந்தார்கள். 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கட்டாயம்.

விசா ஒட்டி வந்த பாஸ்போர்ட்டைப் பார்த்தால், அக்காவின் பெயர் குடும்பப் பெயர் இடத்தில் இருந்தது. முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யூ., அதாவது முதல் பெயர் தெரியாது. குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால் இப்படித்தான் அச்சாகும். "எனக்கு மட்டும் மூணு இனிஷியலா!" என்று சிரித்தார்.

யாரும் சொல்லாத ஒன்று, விசா கிடைத்ததும் வேலை தொடங்கிவிட முடியாது என்பது. அங்கே போய் ஐ-765 படிவம் போட்டு, வேலை அனுமதி அட்டை வாங்க வேண்டும். எங்களுக்கு அது மூன்றாவது மாதத்தில்தான் வந்தது. அதுவரை கணவர் விடுப்பு எடுத்துப் பையனைப் பார்த்துக்கொண்டார். அக்காவைச் சும்மா உட்கார வைப்பதே அவருக்குப் பெரிய வேலையாக இருந்தது. மூன்று மாதத்துக்குக் குறைந்த பயணம் என்றால் இந்த வழி வேண்டாம், பாட்டியைக் கூட்டிப் போங்கள்.

திரும்பி வந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. பாஸ்போர்ட் அக்காவின் தகரப் பெட்டியில், பாஸ்புக்குக்குள் செருகியிருக்கிறது. இரவில் பையன் எழுந்தால் இப்போது நானோ கணவரோதான் போகிறோம். போன மாதம் ஒப்பந்தத்தின் நகல் ஒன்று வேண்டும் என்று கேட்டார். ஒயிட்ஃபீல்டில் ஒரு வீட்டில் அவர் தங்கை மகள் வேலைக்குச் சேர்கிறாளாம். டாலர் சம்பளம் எழுதியிருந்த வரியை மட்டும் அடித்துவிட்டு எடுத்துப் போனார்.