சிஎஃப்ஏ லெவல் 1-க்கு ஒன்றரை வருஷம் கூடவே இருந்த கால்குலேட்டர்

கிருஷ்ணகிரில இருந்து ஓசூருக்கு தினம் வேலைக்குப் போய்ட்டு வந்துகிட்டேதான் சிஎஃப்ஏ-ங்குற முதலீட்டுத் துறைப் பரிச்சையோட லெவல் 1 படிச்சேன். பரிச்சைக்கு ரெண்டு வகை கால்குலேட்டர்தான் உள்ள விடுவாங்க, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பிஏ டூ பிளஸ், இல்லன்னா ஹெச்பி 12சி. நான் வாங்குனது பிஏ டூ பிளஸ், ஒன்றரை வருஷம் ஆச்சு.

புக்கைத் திறக்குற அன்னிக்கே இதையும் வாங்கிடுங்க. நான் முதல் நாலு மாசம் போன் ஆப்லயே ஓட்டிட்டேன், அது பெரிய தப்பு. மொத்தம் 180 கேள்வி, 90 90-ஆ ரெண்டு செஷன், ஒரு செஷனுக்கு 2 மணி 15 நிமிஷம், அப்படின்னா ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிஷம்தான், அதுல பட்டனைத் தேடிகிட்டு இருக்க முடியாது, விரல் தானா போகணும்.

வந்ததும் ஃபார்மேட்ல போய் செயின் மோடை ஏஓஎஸ்-க்கு மாத்திடுங்க. செயின் நாம அழுத்துற வரிசைலயே கணக்கு போடும், ஏஓஎஸ் பெருக்கலை முதல்ல போடும், அதனால செயின்ல 2 கூட்டல் 3 பெருக்கல் 4 போட்டா 20 வரும், ஏஓஎஸ்ல 14. டெசிமல் ரெண்டுல இருக்கும், நான் நாலுக்கு மேல வெச்சுக்கிட்டேன்.

அடுத்தது பிஜிஎன், அதாவது பணம் வருஷக் கடைசில இல்லாம ஆரம்பத்துலயே வர்றதா வெச்சு கணக்கு போடுற மோடு. ஒரு மாக் டெஸ்ட்ல வருஷா வருஷம் 10,000, 5 வருஷம், 8 பர்சென்ட், இன்னைக்கு மதிப்பு என்னன்னு கேட்டிருந்தான், 43,121-னு வந்துச்சு, ஆப்ஷன்லயும் அப்படியே இருந்துச்சு, சந்தோஷமா டிக் பண்ணிட்டேன். சரியான விடை 39,927. முந்துன கணக்குக்குப் போட்ட பிஜிஎன் மோடை நான் எடுக்கவே இல்ல. ஸ்கிரீன் மேல குட்டியா பிஜிஎன்னு காட்டிகிட்டுதான் இருந்துச்சு. அன்னைலருந்து ஒவ்வொரு கணக்குக்கும் முன்னாடி மேல ஒரு பார்வை பாத்துட்டு, டிவிஎம்மை, அதாவது பணத்தோட டைம் வேல்யூ கணக்குக்குப் போட்ட பழைய எண்களை, கிளியர் பண்ணிட்டுதான் ஆரம்பிப்பேன்.

இதெல்லாம் நமக்கு எதுக்குன்னு நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். தம்பிக்கு வண்டி எடுக்க 60,000 லோன், ஃப்ளாட் 10 பர்சென்ட் (கட்டக் கட்ட அசல் குறைஞ்சாலும் முழு 60,000-க்கும் வட்டி), 24 மாசம், மாசம் 3,000. அப்பா "பத்து பர்சென்ட் தானே கண்ணு, வெளிய ரெண்டு வட்டிக்கு வாங்குறத விட எவ்வளவோ மேல்"னாரு. எத்தனை மாசம்ங்குற என்-ல 24, கடன் தொகைக்கு பிவி-ல 60,000, மாசத் தவணைக்கு பிஎம்டி-ல மைனஸ் 3,000 போட்டு, வட்டிக்கான ஐ பை ஒய் கேட்டேன், மாசத்துக்கு 1.51, அதாவது வருஷத்துக்கு 18 பர்சென்ட்டுக்கு மேல. அப்பா கால்குலேட்டரை வாங்கி ரெண்டு தடவை அவரே போட்டுப் பாத்துட்டு, "மாங்கா காசு வரட்டும், பாதிய கையில கட்டிரலாம்"னாரு. டைம் வேல்யூ எனக்கு உண்மையா புரிஞ்சது அன்னைக்கு எங்க வீட்டுத் திண்ணைலதான்.

இந்தக் கால்குலேட்டர் கொஞ்சமும் உதவாத பாடம் எத்திக்ஸ், அதாவது தொழில் நெறிமுறை. 15-லருந்து 20 பர்சென்ட் வரைக்கும் வரும், உக்காந்து படிக்கணும், வேற வழியே கிடையாது. தெரியாத கேள்விய விட்டுட்டு வராதீங்க, நெகட்டிவ் மார்க் இல்ல.

பரிச்சை பெங்களூர்ல எழுதுனேன், விடிகாலை பஸ். முந்தின வாரமே புது சிஆர் 2032 பேட்டரி போட்டேன். பேட்டரிய எடுத்தா செட்டிங் எல்லாம் அழிஞ்சு மறுபடி செயின் மோடுக்கே போயிடும், அதனால மாத்துனதும் 2 கூட்டல் 3 பெருக்கல் 4 போட்டு 14 வருதான்னு பாத்துக்கங்க.