ஸ்டில்லா, வீடியோவா? கேமரா ஒன்று, பிழைப்பு இரண்டு

2008-இல் நிக்கான் டி90-உம் கேனான் 5டி மார்க் 2-உம் வந்தபோது ஒரு குழப்பமும் கூடவே வந்தது. ஸ்டில் கேமராவில் வீடியோவும் எடுக்கலாம் என்று ஆகிவிட்டது. அன்றிலிருந்து இந்தத் துறைக்கு வருகிற பலரும் 'போட்டோ, வீடியோ இரண்டும் செய்து தரப்படும்' என்று கார்டு அடித்துக்கொண்டுதான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். கேமரா ஒன்றாக இருக்கிறதே தவிர, வேலையும் வரவும் அலுப்பும் கூட இரண்டுக்கும் வேறு வேறு.

முதல் அடி வெளிச்சத்தில் விழும். நல்ல உச்சி வெயில், வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓ 100-இல், பின்னணி மங்கலாக வேண்டும் என்பதால் லென்ஸின் துவாரம் எஃப் 2.8-இல் அகலமாகத் திறந்திருக்கிறது. ஸ்டில் என்றால் ஷட்டர் வேகத்தை 1/3200 நொடிக்கு ஏற்றிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். வீடியோவில் அது முடியாது. நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும்போது ஷட்டர் 1/50 பக்கத்தில் இருந்தால்தான் அசைவு இயல்பாகத் தெரியும். ஏற்றிவிட்டால் கையசைவு கூட வெட்டி வெட்டித் தெரியும். ஆக 6 ஸ்டாப் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும்; ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும். அதற்கு லென்ஸ் முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடி, என்டி 64 ஃபில்டர். இதை வாங்காமல் முதல் வெளிப்புற ஷூட்டுக்குப் போய் அசடு வழிந்தவர்கள் பலர். அந்தப் பட்டியலில் நானும் உண்டு.

வெளிச்சத்தையாவது திரையில் பார்த்துவிடலாம். சத்தம் அப்படியில்லை. ஒருமுறை வயதான ஒரு தச்சரை அவர் வீட்டில் உட்கார வைத்துப் பேட்டி எடுத்தேன். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் பாதி விழுகிறது, கையில் தேய்ந்த உளி, ஃபிரேம் அப்படியொரு அழகு. ஸ்டில் ஆளின் புத்தி, கண் மட்டுமே வேலை செய்தது. ஹெட்ஃபோனைக் காதில் மாட்டவே இல்லை. எடிட்டுக்கு உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அடுத்த அறையிலிருந்த ஃபிரிட்ஜ் 40 நிமிடமும் கூடவே பேசியிருக்கிறது. ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு வண்டிச் சாவியை அதற்குள் வைக்க வேண்டும் என்று பிறகு ஒரு ஒலிப்பதிவாளர் சொல்லிக்கொடுத்தார். கிளம்பும்போது சாவியைத் தேடுவோம், ஃபிரிட்ஜை மறுபடி போடவும் மறக்க மாட்டோம். அதே தச்சரை ஸ்டில்லாக மட்டும் எடுத்திருந்தால் அன்றைக்குக் குறையே இல்லை.

ஷூட் முடிந்த பிறகு கிடக்கும் வேலையையும் கணக்குப் போடுங்கள். ஒரு நாளில் 1,000 ரா படம் (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் பெரிய ஃபைல்) எடுத்தால், படத்துக்கு 30 எம்பி என்று வைத்தாலும் 30 ஜிபி. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கே 45 ஜிபி. இரண்டு கேமரா, நான்கு மணி நேரம், இரண்டு பேக்கப் என்றால் 720 ஜிபி. ஹார்ட் டிஸ்க் செலவைக் கொட்டேஷனில் சேர்க்காதவர் தன் கூலியிலிருந்துதான் அதைக் கொடுக்கிறார்.

சரி, பணம். வீடியோவில் தொகை பெரிதாகத் தெரியும். அதில் ஒலி, லைட், எடிட் என்று பங்கு போனபின் மிஞ்சுவதைப் பாருங்கள். ஸ்டில் வேலை சின்னதாக இருந்தாலும் ஒற்றை ஆளாக முடித்து, அதே வாரம் படத்தைக் கொடுத்துவிட்டுப் பாக்கியை வாங்கலாம். வீடியோவில் 'அந்த இசையை மட்டும் மாற்றிப் பார்க்கலாமா' என்ற ஒரு வரிக்கு வெட்டுகளையெல்லாம் மறுபடி தாளத்துக்குப் பொருத்த வேண்டியிருக்கும். எத்தனை முறை திருத்தம் செய்து தருவோம் என்று முன்கூட்டியே எழுதிக்கொள்ளாதவருக்கு மூன்றாவது மாதத்திலும் அதே வேலைதான். நான் இரண்டு என்று எழுதுகிறேன்; மூன்றாவதிலிருந்து தனிக்கட்டணம்.

வீடியோவுக்குத்தான் கிராக்கி, ஸ்டில் இனி எதற்கு என்று கேட்பார்கள். கிராக்கி இருப்பது உண்மைதான். இருந்தும் புதிதாக வருகிறவருக்கு முதல் ஓரிரு ஆண்டு ஸ்டில்லைத்தான் சொல்வேன். தப்பு எங்கே என்று அன்று மாலையே தெரிந்துவிடும், மறுநாளே திருத்திக்கொள்ளலாம். வீடியோவில் அந்தப் பாடம் வந்து சேர மாதங்கள் ஆகும்.

இந்த வழியில் போனவர்கள் இருக்கிறார்கள். திரைப்பட இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் இருபது வயதுக்கு முன்பே அமெரிக்காவின் 'லுக்' இதழின் புகைப்படக்காரர். வால்ட்டர் கார்ட்டியர் என்ற குத்துச்சண்டை வீரரைப் பற்றி அவர் எடுத்த படத்தொடர் 1949-இல் அந்த இதழில் வந்தது. 1951-இல் அவருடைய முதல் குறும்படத்துக்கும் அதே வீரர்தான். ஆளை ஏற்கனவே லென்ஸ் வழியாகப் படித்து வைத்திருந்தார். பிரெஞ்சு இயக்குநர் ஆனியஸ் வர்தாவும் நாடகக் குழு ஒன்றின் புகைப்படக்காரராக இருந்துவிட்டு 1955-இல் முதல் திரைப்படத்தை முடித்தவர். ஃபிரேம் வைக்கத் தெரிந்த அவருக்கும் வெட்டி ஒட்ட வேறு கை வேண்டியிருந்தது. படத்தைத் தொகுத்துக் கொடுத்தவர் இன்னொரு பிரெஞ்சு இயக்குநரான அலன் ரெனே. நடிகர்களும் குழுவினரும் கூட்டுறவாகச் சேர்ந்ததால்தான் படமே எடுக்க முடிந்தது.

எனக்கு இதுதான் உண்மையான பிரிவுக் கோடாகப் படுகிறது. காலையில் தனியாகக் கிளம்பி யாருடனும் பேசாமல் நாலு மணி நேரம் அலைவது உங்களுக்குச் சுகம் என்றால் ஸ்டில்லில் நிலைத்துவிடுவீர்கள். பத்துப் பேருக்குச் சாப்பாடு வந்ததா, மைக்கில் பேட்டரி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே நினைத்த காட்சியைக் கையிலிருந்து நழுவ விடாமல் இருக்க முடிந்தால் வீடியோ. லென்ஸ் ஆசையை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள்.

இரண்டையும் செய்யலாம், ஒரே நாளில் ஒரே ஆளாக வேண்டாம். விருது கைமாறும் அந்த ஒரு நொடியில் விரல் ஷட்டர் பொத்தானில் இருக்கும். வீடியோ கேமரா முக்காலியில் ஆளில்லாமல் நிற்கும். அப்போது பார்த்து ஒருவர் எழுந்து அதன் முன்னால் வந்து நிற்பார். ஃபுட்டேஜில் கடைசிவரை அவருடைய முதுகுதான்.