முருகைக்கல்லை மறுத்த மீன்தொட்டிக் கடை

கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. ராமநாதபுரம் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்துபோகிற தூரம்; ஷட்டரில் நீலப் பெயிண்ட்டில் ஒரு மீன் வரைந்திருக்கும். நான் ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் வீட்டிலேயே துணி தைக்கிறேன். மகள் ஆசைப்பட்டு வாங்கிய இரண்டடித் தொட்டியில் கல்லும் செடியும் ஒழுங்காக வைத்துத் தர ஆள் தேடித்தான் அங்கே போனேன்.

பையில் இரண்டு முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல், எடுத்துப் போயிருந்தேன். மாமனார் காலத்து வீட்டுச் சுவரை இடித்தபோது எடுத்து வைத்தவை. எங்கள் தீவில் அந்தக் காலத்து வீடுகள் பலவும் அந்தக் கல்லில் கட்டியவைதான். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயச் சுவரைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தவர்களுக்கு அந்தத் துளைகள் நினைவிருக்கும். வீட்டின் ஞாபகமாக ஒன்று தொட்டிக்குள் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

கடைக்காரத் தம்பி கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வினிகர் பாட்டிலைக் கொண்டுவந்து நாலு சொட்டு விட்டார். சுர்ரென்று நுரைத்தது.

"முழுக்கச் சுண்ணாம்புக்கா. தண்ணியில கொஞ்சம் கொஞ்சமா கரையும். ஏற்கெனவே உங்க கிணத்துத் தண்ணி கடினம், இன்னும் ஏத்திவிடும். இதை வாசல்ல பூச்செடிக்குப் பக்கத்துல வைங்க, அழகா இருக்கும்."

அந்த நுரையைப் பார்த்ததும்தான் போன வருடம் நடந்தது எனக்கு விளங்கியது. தொட்டியை வேறொரு ஊரில் வாங்கினோம். அந்தக் கடையில் கலர் கல், பிளாஸ்டிக் செடி, கூடவே வெள்ளைப் பவளக்கிளை ஒன்று 300 ரூபாய்க்கு என்று கட்டிக் கொடுத்தார்கள். பத்து நியான் டெட்ராவும் அன்றைக்கே. மூன்றே வாரத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை. நியான் டெட்ரா அமேசான் பக்கத்து ஆறுகளில் பிறந்த மீன், மென்மையான தண்ணீர் கேட்கும். அதை எங்கள் தண்ணீரில், பவளத்தோடு, புதுத் தொட்டியில் விடச் சொன்னவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம்தான். பவளத்தை எடுப்பதும் விற்பதும் குற்றம் என்பது கடற்கரையில் இருக்கிற எங்களுக்கு நன்றாகத் தெரியும். 2001 முதல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளத்தில்தான் மீன் குஞ்சு பொரித்து வளர்கிறது. கண்ணாடிப் பெட்டிக்காக விற்ற அந்த வெள்ளைக் கிளை பவளம்தான் என்று அன்றைக்குத் தெரியாமல் வாங்கிவிட்டேனே என்று இருக்கிறது.

சரி, வேலைக்கு வருகிறேன். தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை பாம்பன் பாலம் தாண்டி பைக்கில் கல்லோடு வந்து சேர்ந்தார். தொட்டியில் கை வைக்கவே இல்லை. என்னிடம் தையல் சாக் வாங்கி, தரையில் தொட்டியின் அளவுக்கு ஒரு கட்டம் போட்டார். அதற்குள் கல்லை வைத்து வைத்துப் பார்த்தார், முக்கால் மணி நேரம்! நான் முன்பு வைத்திருந்ததில் பெரிய கல் நட்டநடுவில், இரண்டு பக்கமும் சமமாகச் செடி. அவர் பெரிய கல்லை மூன்றில் ஒரு பங்கு தள்ளி வைத்து, லேசாகச் சாய்த்தார். சின்னக் கற்கள் இரண்டும் அதன் பக்கம் சாய்ந்தன. மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படையில்தான் வைப்பார்களாம். ஜப்பானில் தகாஷி அமானோ என்ற புகைப்படக்காரர் வளர்த்தெடுத்த முறை என்று சொல்லி, அமானோ செய்த தொட்டிகளின் படங்களை போனில் காட்டினார்.

எனக்கு மிகவும் பிடித்தது, கல்லின் வரி எல்லாவற்றிலும் ஒரே பக்கம் ஓட வேண்டும் என்று அவர் பார்த்தது. பூப்போட்ட துணியில் முன்பக்கமும் பின்பக்கமும் பூ ஒரே திசையில் வராவிட்டால் ஜாக்கெட் கெட்டுப்போகும். அதே கணக்கு.

கல்லை முதலில் வைத்தார், அதற்கடியில் மெல்லிய ஃபோம் ஷீட். மணல் அப்புறம். மணல் மேல் கல் வைத்தால் மீன் தோண்டும்போது சரிந்து கண்ணாடியில் இடிக்குமாம். முன்னால் மூன்று சென்டிமீட்டர், பின்னால் எட்டு என்று மணலைச் சரிவாக ஏற்றியதும் அந்தச் சின்னத் தொட்டிக்கே ஒரு தூரம் வந்துவிட்டது. சுற்றிலும் இரண்டு விரல் இடைவெளி, பாசி துடைக்கக் கை போக.

செடியை எங்கள் தண்ணீருக்குத் தகுந்தபடிதான் கொடுத்தார்: பின்னால் வாலிஸ்னேரியா, கல்லில் அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும். அனுபியாஸின் கிழங்கை மணலில் புதைக்கக்கூடாது, அழுகிவிடும். கல்லில் கட்டிவிட்டால் வேர் தானே பிடித்துக்கொள்ளும். பருத்தி நூல் கேட்டார், தானாக இற்று விழுந்துவிடும் என்று. என்னிடம் இருந்ததெல்லாம் பாலியெஸ்டர் நூல். கரும்பச்சையில் ஒரு கண்டு எடுத்து நானே கட்டினேன், முடிச்சு கண்ணில் படாமல்.

இரண்டு குறைகள். தம்பி கொண்டுவந்தது டிராகன் கல் என்கிற ஓட்டை ஓட்டையான கல்; அதன் ஓட்டையெல்லாம் களிமண். குடம் கணக்கில் தண்ணீர் வாங்குகிற வீடுகள் இருக்கிற ஊரில், அதைக் கழுவ எனக்கு ஆறு வாளி ஆனது. கழுவித்தான் விற்க வேண்டும். (தண்ணீரை முருங்கைக்கு ஊற்றினேன்.) இன்னொன்று, முன்பக்கத்துக்கு விரிப்பு மாதிரிப் படரும் குட்டைப் புல் என்று இரண்டு கப் 300 ரூபாய்க்குக் கொடுத்தார். என் விளக்கு சாதாரண விளக்கு, கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் கிடையாது. அதைப் பார்த்தும் கொடுத்திருக்கக் கூடாது. ஒரு மாதத்தில் மஞ்சளாகிப் போய்விட்டது. கேட்டதற்கு, வருத்தப்பட்டார், பணம் தரவில்லை.

ஆனால் மீன் விற்க அவசரப்படவே இல்லை. கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா வளர நாலு வாரமாவது வேண்டும் என்று, தன் தொட்டியில் ஓடிய பழைய ஸ்பாஞ்ச் ஒன்றை ஃபில்டரில் போட்டுவிட்டுப் போனார். மகள் தினமும் நாள்காட்டியில் கோடு போட்டாள். அப்புறம் ஆறு மோலி. கடினத் தண்ணீரைத் தாங்கும் மீன். இப்போது குட்டிகள் ஃபெர்ன் இலைக்குள் ஒளிந்து திரிகின்றன.

கல் 9 கிலோ, கிலோ 140 ரூபாய். வீட்டுக்கு வந்து அமைத்ததற்கு 600. செடி, மணல், அந்தப் புல் எல்லாம் சேர்த்து 3,400 சொச்சம். கொடுத்த காசில் புல்லுக்குக் கொடுத்ததைத் தவிர எதற்கும் எனக்கு வருத்தமில்லை. உங்கள் வீட்டுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுபோங்கள், மீட்டர் போட்டுப் பார்த்துத்தான் செடி எடுத்துக் கொடுப்பார்.

நாலாவது மாதம் போன வாரம் முடிந்தது. சின்னக் கல்லில் கட்டிய அனுபியாஸின் நூலை வெட்டிவிட்டு, இலையைப் பிடித்து மெல்லத் தூக்கினேன். கல்லும் கூடவே வந்தது.